நடுவிலே ஒரு கோளாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து துவரங்குறிச்சியை நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், அதுவரை ஒழுங்காக வழிகாட்டி வந்த வரைபடம் எங்கள் மோட்டார் வண்டியின் முகப்புத் திரையிலிருந்து சட்டென்று மறைந்து, அவ்விடத்தில் ஏதோ ஒரு வானொலி நிலையத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியை ஓட்டியவன் என் மகன். அருகில் உட்கார்ந்திருந்த நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அது கம்பியினால் வண்டியோடு பிணைக்கப்பட்டபடியேதான் இருந்தது; மின்சாரம் ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டும் மின்னல் அடையாளமும் அதன் மூலையில் குறைவின்றி விளங்கிற்று. கொட்டாம்பட்டியில் வரைபடம் தானாகவே திரும்பி வந்தது. மேலூருக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது மறுபடியும் போய்விட்டது. "சார்ஜ் ஏறுதுப்பா, ஆனா கனெக்ட் ஆகலை" என்றான் மகன், சலிப்போடு.

அவன் சலிப்போடு சொன்ன அந்த ஒரு வாக்கியம், முப்பது வருஷ காலம் கல்லூரியில் தர்க்கமும் தத்துவமும் போதித்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, மதுரை போய்ச் சேரும் வரைக்கும் வேறு சிந்தனைக்கு இடம் கொடாமல் செய்துவிட்டது. ஒரு பொருள் இன்னொன்றோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பினால் போஷிக்கவும் படுகிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையே அறிவு என்பது செல்லவில்லை. பிணைந்திருப்பது வேறு, பிணைந்திருப்பதை அறிவது வேறு என்று ஆகுமா? ஆகுமானால், இரண்டாவது அற்றுப்போன நிலையில் முதலாவதைச் சம்பந்தம் என்றே சொல்லத்தகுமா? சைவ சித்தாந்த வகுப்பிலே மாணாக்கர்கள் கேட்டு, நான் சாஸ்திர வாக்கியங்களைக் கொண்டு மழுப்பிய கேள்வி, நெடுஞ்சாலையில் என் மடிமீதே வந்து விழுந்தது.

முதலில் யந்திரத்தின் இயல்பைச் சொல்லவேண்டும். ஆண்ட்ராய்ட் ஆட்டோ, கார்பிளே என்னும் இரு ஏற்பாடுகளும் 2014 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டவை. இவற்றில் வரைபடமோ பாட்டோ வண்டிக்குள் இருப்பதில்லை. எல்லாம் கைப்பேசியில் இருக்கின்றன. கைப்பேசி தான் தீட்டிய சித்திரத்தைக் கம்பி வழியே இடையறாத வெள்ளமாக அனுப்ப, திரை அதைக் காட்டுகிறது; நாம் திரையைத் தொட்டால், தொட்ட செய்தி அதே கம்பி வழியே திரும்பிப் போகிறது. ஆக, திரைக்கென்று சொந்தமாக ஒரு தோற்றம் இல்லை. கைப்பேசியைச் சார்ந்தபோது அது வரைபடம்; சார்பு அற்றபோது வானொலி. ஆன்மாவின் இலக்கணத்தைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று சித்தாந்திகள் கூறி, பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தை ஏற்கும் படிகத்தை உதாரணம் காட்டுவார்கள். இனி யாரேனும் அந்தப் பாடம் நடத்தினால், படிகத்தைத் தேடி அலையவேண்டியதில்லை.

கம்பியின் உட்கூறு இன்னும் சுவாரசியமானது. 1996 இல் பிறந்த யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் பழைய வடிவில் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருகின்றன. பச்சையும் வெள்ளையும் ஒன்றையொன்று முறுக்கிப் பின்னிக்கொண்டு செய்தியைச் சுமக்கின்றன. மின்சாரம் மட்டும் போதும் என்று எண்ணிச் செய்த மலிவான கம்பிகளில் பிந்திய இரண்டுமே இருப்பதில்லை. புறத்தோற்றத்தைக் கொண்டு மட்டும் அவற்றைப் பிரித்தறியவும் முடியாது. இன்னொரு நுட்பமும் உண்டு. செருகியின் உள்ளே மின்சாரத்துக்குரிய இரண்டு தகடுகளும் சற்று நீளமானவை. செய்திக்குரிய இரண்டும் சற்றுக் குட்டையானவை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரவேண்டும், உருவும்போது செய்தி முதலில் விலகவேண்டும் என்று திட்டமிட்டே அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆகவே செருகி ஒரு மயிரிழை வெளியே நழுவினாலும் முதலில் அறுபடுவது அறிவு. போஷணை அறுபடுவது அதற்குப் பிறகே. அன்றியும், மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் கைப்பேசியின் பாட்டரி அதைப் பொருட்படுத்துவதில்லை. செய்தியோ விநாடிக்கு 48 கோடி துணுக்குகள் வரை ஓடக்கூடிய பெருவெள்ளமாகையால், கண்ணிமைக்கும் நேரத் தடை கூட வண்டியின் கணக்கில் 'கைப்பேசி போய்விட்டது' என்று பதிவாகி, அறிமுகச் சடங்குகள் அனைத்தையும் ஆதியிலிருந்து தொடங்கும்படி செய்துவிடுகிறது.

மெய்கண்டாருடைய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களாலான நூல். பதிமூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய அந்த நூலும் அதை விரித்த சாத்திரங்களும் மிகுந்த பிடிவாதத்தோடு சொல்கிற ஒரு செய்தி, ஆன்மா ஒருபோதும் இறைவனை விட்டு நீங்கியதில்லை என்பது. கேவலம் என்று சொல்லப்படுகிற ஆதி இருளில், ஆன்மா ஆணவத்தோடு மட்டும் கலந்து, தன்னையும் அறியாமல் தலைவனையும் அறியாமல் கிடக்கும்போதுங்கூட, அதைத் தாங்குகிற சக்தி அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. இல்லாததை ஏன் இருக்கிறதென்று கற்பிக்கவேண்டும், அறியப்படாத துணை இருந்தென்ன போயென்ன, என்று என் மாணவர்களுள் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று என் மடியில் கிடந்த கைப்பேசி, வண்டியைப் பற்றி யாதொன்றும் அறியாத அந்த நிலையிலும், வண்டியிலிருந்தே உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. திரையில் வரைபடம் தெரியாத காரணத்தினால் மின்னல் அடையாளத்தைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த உவமை முற்றும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. சக்தி வண்டியிலிருந்து கைப்பேசிக்குப் போகிறது; அறிவு கைப்பேசியிலிருந்து வண்டிக்கு வருகிறது. இதில் எது பதியாகிய தலைவன், எது பசுவாகிய ஆன்மா? ஒருபுடை ஒப்புமை என்று இலக்கணக்காரர்கள் தந்த சலுகை இல்லாவிட்டால் தத்துவ நூல்களில் பாதியைக் கிழித்தெறியவேண்டியதுதான்.

இந்த ஆண்டான் அடிமை விவகாரம் யந்திரத்திலேயே ஒரு வேடிக்கையாக அமைந்திருக்கிறது. யு.எஸ்.பி. முறையில் இரண்டு முனைகளும் சமமல்ல. ஒன்று தலைமை தாங்கிக் கேட்பது, மற்றொன்று கேட்டபோது மட்டும் விடை சொல்வது. ஆண்ட்ராய்ட் ஆட்டோவில் வண்டி தலைமை வகிக்க, கைப்பேசி ஊழியம் செய்கிறது. கார்பிளேயிலோ முதலில் வண்டி தலைமை தாங்கி, அறிமுகம் முடிந்ததும் ஸ்தானத்தை மாற்றிக்கொண்டு, கைப்பேசியைத் தலைமையில் அமர்த்திவிட்டுத் தான் ஊழியம் செய்யப் போகிறது. இதைப் படித்தபோது சுந்தரமூர்த்தி நாயனாருடைய சரித்திரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? திருவெண்ணெய்நல்லூரில் அடிமை ஓலை காட்டி வழக்காடி ஆட்கொண்ட அதே தலைவன், பிற்பாடு திருவாரூரில் அந்த அடிமைக்காக, ஊடியிருந்த அவன் மனைவி பரவையார் வீட்டுக்கு நள்ளிரவில் தூது நடந்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஒரு முறை போய்ப் பலிக்காமல் இரண்டாம் முறையும் நடந்தான். மெய்கண்டாரும் அதே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர் என்பது தற்செயலாகவே இருக்கட்டும். சம்பந்தம் உறுதியாக இருக்குமிடத்தில் யார் மேல், யார் கீழ் என்ற கணக்கு நிலைத்து நிற்பதில்லை.

நிற்க. மதுரையில் இரண்டு நாள் தங்கினோம். அதற்குள் இந்தக் கோளாற்றின் காரணத்தைக் கண்டுபிடிப்பதென்று மகன் முனைந்தான். வண்டியை வாங்கிய இடத்தில் பணிபுரிபவர்களைத் தொலைபேசியில் கேட்டதற்கு, கைப்பேசியில்தான் குற்றம் என்றார்கள். கைப்பேசியைப் பழுதுபார்க்கும் நிலையத்தாரோ வண்டியில்தான் குற்றம் என்று சாதித்தார்கள். இரு தரப்பாரும் மரியாதையாகவே பேசினார்கள் என்பதையும், இரு தரப்பாரும் பொருளைப் பாராமலே பேசினார்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும். எனக்கோ ஆரம்பத்திலிருந்தே கம்பியின்மீது சந்தேகம். அது மட்டுமே என் காசில் நான் வாங்கியது.

நையாயிகர்கள் இத்தகைய சந்தர்ப்பத்துக்கென்றே ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். எது இருந்தால் காரியம் இருக்கிறதோ, எது இல்லாவிட்டால் காரியம் இல்லையோ அதுவே காரணம் என்று துணிவது. அன்வயம், வியதிரேகம் என்று அதற்குப் பெயர். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றைத் தொடாதே என்பதே அதன் உயிர்நாடி. ஆனால் மனிதர்கள் அப்படிச் செய்கிறார்களா? என் மகன் ஒரே மூச்சில் கம்பியை மாற்றி, கைப்பேசியை அணைத்துத் திறந்து, வண்டியின் நினைவிலிருந்த பழைய இணைப்பை அழித்து, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டான். வரைபடம் வந்தது. எதனால் வந்தது என்று கேட்டேன், "வந்துருச்சுல்லப்பா" என்றான். அன்று மாலை தெப்பக்குளத்தைச் சுற்றிவருகையில் மறுபடியும் போயிற்று. காகம் வந்து உட்கார்ந்த கணத்திலே பனம்பழம் விழுந்தால், காகத்தினால் விழுந்தது என்று கொள்வதைக் காகதாளீய நியாயம் என்பார்கள். கம்பியின் முனையை வாயால் ஊதிச் செருகினால் சரியாகும் என்று நம்புகிறவர்களும், குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து ரப்பர் வளையம் போட்டால் சரியாகும் என்று நம்புகிறவர்களும் நம் நாட்டில் ஏராளம். அவர்களைப் பரிகசிக்க எனக்கு யோக்யதை இல்லை. பல வருஷங்கள் ஒரு குறிப்பிட்ட பேனாவினால்தான் நான் பரீக்ஷைத் தாள்களைத் திருத்தி வந்தேன்.

மறுநாள் காலையில் நானே முறையாக விசாரணையை நடத்தினேன். என் மனைவியின் கைப்பேசியை அதே கம்பியில், அதே வண்டியில் இணைத்தேன், அறுபடவில்லை. ஆகவே வண்டியும் கம்பியும் நிரபராதிகள். என் கைப்பேசியை வீட்டிலிருந்த கணிப்பொறியோடு அதே கம்பியால் இணைத்து, மேஜைமேல் அசையாமல் வைத்தேன், அங்கும் அறுபடவில்லை. ஆகவே கைப்பேசியும் நிரபராதி. மூவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. குற்றமோ நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. நீதிமன்றத்தில் இப்படி ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். தர்க்கத்தில் அது முடியாது.

இந்த இடத்தில்தான் ஸம்யோகம் என்ற சொல் எனக்குக் கைகொடுத்தது. இரண்டு பொருள்கள் கூடியிருப்பதை நியாய வைசேஷிக நூல்கள் ஒரு தனிக் குணமாகவே எண்ணுகின்றன. அது இதிலும் இல்லை, அதிலும் இல்லை. இரண்டிலும் சேர்ந்தே தங்குகிறது. மேலும், தங்கும் பொருள் முழுவதிலும் அது பரவுவதில்லை. மரத்தின்மீது குரங்கு இருக்கிறதென்றால், கிளையில் குரங்கின் சேர்க்கை உண்டு, அதே மரத்தின் வேரில் இல்லை என்று அவர்கள் உதாரணம் காட்டுவார்கள். இதைப் பாடமாக நடத்துகையில் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்ததுண்டு. ஆனால் கைப்பேசி முழுவதையும் சோதித்து அதைக் குற்றமற்றது என்றும், கம்பி முழுவதையும் சோதித்து அதைக் குற்றமற்றது என்றும் சொன்ன நான், குரங்கு உட்கார்ந்திருந்த கிளையை மட்டும் பார்க்கவே இல்லை. கோளாறு ஒரு பொருளில் இருக்கவேண்டும் என்று நினைத்துவிட்டேன். அது ஒரு சேர்க்கையில் இருக்கலாம் என்று தோன்றவில்லை. கடோபநிஷத்து உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் சொல்லிவிட்டு, மனத்தை மட்டும் இவற்றில் ஒன்றாக வைக்காமல், சாரதிக்கும் குதிரைக்கும் நடுவே ஓடுகிற கடிவாளமாக வைத்ததன் கூர்மையை அன்றுதான் சரியாக ரசித்தேன்.

சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வைசேஷிகர்களை மடக்குகிற இடம் ஒன்று உண்டு. சமவாயம் என்ற சம்பந்தத்தைத் தனிப் பொருளாகக் கொள்வீர்களானால், அந்தச் சம்பந்தத்தைப் பொருளோடு சம்பந்தப்படுத்த இன்னொரு சம்பந்தம் வேண்டும், அதற்கும் வேறொன்று வேண்டும், இது எங்கே போய் முடியும் என்று கேட்கிறார். என் மகன் கம்பி எட்டவில்லை என்று ஒரு நீட்டிப்புக் கம்பியையும், பின் இருக்கையிலிருப்பவர்களுக்காகப் பல துளைகளுள்ள ஒரு பெட்டியையும் வாங்கி நடுவே செருகியிருந்ததைக் கண்டபோது, அந்த அனவஸ்தா தோஷம் எனக்குப் பிரத்தியட்சமாகவே விளங்கிற்று. ஒவ்வொரு இணைப்பும் இரண்டு புதிய மூட்டுகளைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு மூட்டும் ஒரு புதிய நழுவல். நல்ல தரமான, ஒரு மீட்டருக்கு மேற்படாத ஒரே கம்பி, நடுவே வேறெதுவும் இல்லாமல் இருப்பதே உத்தமம் என்று இந்தத் துறையறிந்தவர்கள் சொல்கிறார்கள். சங்கரரும் ஆட்சேபிக்கமாட்டார்.

மேலமாசி வீதிப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். விளக்கு பொருத்திய உருப்பெருக்கியின் கீழே என் கைப்பேசியின் துளையை ஒரு கணம் பார்த்தான். "போன் நல்லாத்தான் இருக்கு ஐயா. வயரும் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் கோளாறு" என்றான். சாஸ்திரம் எதையும் வாசித்திராத அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கைப்பேசியை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சி ஒன்றைச் சீவி மெல்லியதாக்கி, துளையின் ஓரமாக விட்டு அவன் நெம்பியபோது, சாம்பல் நிறத்தில் இறுகிப்போன பஞ்சுத் துணுக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரு எள்ளளவுக்கு, வெளியே வந்து விழுந்தது. ஊசி போட்டால் உள்ளே இருக்கும் பின் வளைந்துவிடும், அதனால்தான் மரக்குச்சி என்று விளக்கமும் சொன்னான். ஒவ்வொரு முறை செருகும்போதும் செருகியே அந்தப் பஞ்சை அடியில் வைத்து இடித்து இடித்துக் கட்டியாக்கியிருக்கிறது. அதனால் செருகி முழுவதும் உள்ளே போய் உட்காரவில்லை. மேஜைமேல் அசையாதிருக்கையில் நீண்ட தகடுகளும் குட்டைத் தகடுகளும் எப்படியோ தொட்டுக்கொண்டிருக்க, வேகத்தடையில் குலுங்கியவுடன் குட்டைத் தகடுகள் மட்டும் விட்டுப்போயின.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பையன் என் சட்டைப் பையைச் சுட்டினான்.

ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை சொல்வது சித்தாந்திகளின் மரபு. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே இருப்பது. அதுபோல ஆணவம் ஆன்மாவுக்குச் சகஜமலம். மாயையும் கன்மமுமோ பின்னர் வந்து கூடுகிற ஆகந்துக மலங்கள். என் சட்டைப் பையின் பஞ்சு ஆகந்துகம் என்பதில் ஐயமில்லை. வண்டியின் நினைவில் தங்கிப்போய்ப் புதிய அறிமுகத்தைக் குழப்பும் பழைய இணைப்புக் குறிப்புகளைக் கன்மம் என்று சொல்லிப்பார்க்கலாம். ஆனால் இவ்வளவு அழகாகப் பொருந்துவதே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்குவதால் அந்த வழியில் மேலே போக நான் விரும்பவில்லை. சகஜமலத்துக்கு நேரானது ஒன்று உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். வெள்ளீயம் பூசிய தொடுமுனைகள், சாலையின் அதிர்ச்சியினால் ஒன்றோடொன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி உரசி, உரசிய இடத்திலேயே தம் உலோகத்தைத் துருப் பொடியாக்கி, அந்தப் பொடியாலேயே தம்மை மூடிக்கொள்கின்றன. தொடர்பைத் தடுக்கிற பொருள் வெளியிலிருந்து வரவில்லை, தொட்டுக்கொண்டிருப்பதிலிருந்தே பிறக்கிறது. நெருங்கிய உறவினர்களோடு கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் வேண்டியதில்லை.

செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகிறது. இரண்டு நாளில் பழையபடி கறுத்துவிடுகிறது. இரசகுளிகையின் ஸ்பரிசம் பட்டால் களிம்பு அற்றுச் செம்பு பொன்னாகும் என்று சாத்திரம் மேலும் ஒரு படி போகிறது. வேடிக்கை என்னவென்றால், பொறியியல் வல்லுநர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்: துருப் பிடியாதிருக்கும்பொருட்டு, நல்ல செருகிகளின் செப்புக் கலப்புத் தகடுகளுக்குப் பொன் பூசுகிறார்கள். ஆனால் பூச்சு பூச்சுதான். பழைய வடிவிலான செருகி 1,500 முறை செருகி எடுப்பதையும், புதிய சி வகைச் செருகி 10,000 முறையையும் தாங்கவேண்டும் என்பது நியதி. அதற்கும் கணக்கு உண்டு. செம்பைப் பொன்னால் போர்த்துவது வேறு, செம்பே பொன்னாவது வேறு. வழிபாட்டில் நாம் பெரும்பாலும் செய்துவருவது எது என்று கேட்டால், நாள்தோறும் நீறணிந்து வருகிற எனக்கு விடை சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது.

கம்பியே வேண்டாம், இப்போது கம்பியில்லாமலே இணைக்கலாமே என்று அத்வைதியான என் நண்பர் ஒருவர் பிற்பாடு சொன்னார். நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் நடுவிலே கோளாறும் இல்லை என்பது அவர் வாதம். அங்கும் அலைகள் இருக்கின்றன, அவற்றுக்கும் அறிமுகச் சடங்குகள் இருக்கின்றன, அவையும் அறுபடுகின்றன. கண்ணுக்குத் தெரியாமற்போன சம்பந்தம் இல்லாமற்போன சம்பந்தமாகிவிடாது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது வருஷமாக அவர் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

கடையில், பையன் என் கைப்பேசியைத் திறந்து கம்பியைச் செருகினான். இதுவரை நான் கேட்டறியாத ஒரு சிறு ஒலி, 'டிக்' என்று, கேட்டது. இத்தனை நாளும் முழுக்கச் செருகிவிட்டதாக நான் எண்ணிக்கொண்டிருந்தது முக்கால் செருகல்தான் என்பது அந்த ஒலியால் தெரிந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, அழுக்கு எடுத்ததற்குக் கூலி வேண்டாம் என்றான். வற்புறுத்தியபின் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான். "பாக்கெட்ல போடாதீங்க ஐயா, திரும்ப அடைச்சுக்கும்" என்று எச்சரித்தான். சரியென்று தலையசைத்தேன்; வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்த மகனிடம் களிம்பைப் பற்றியும் கடிவாளத்தைப் பற்றியும் சொல்லவேண்டுமென்ற ஆவலோடு படியிறங்கினேன்; வண்டியின் கதவைத் திறப்பதற்காக வலக்கையை விடுவித்துக்கொள்ளவேண்டியிருந்தபோது, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.